புற்றுநோய் வந்த வீட்டுக்குப் போகும்போது: இராமநாதபுரக் கடற்கரையின் புதிய நெருக்கடி ஆலோசகர்களுக்கு

புற்றுநோய் என்று மருத்துவர் சொன்ன நாளுக்கும் சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. சில வீடுகளில் ஒரு வாரம், சில வீடுகளில் ஒரு மாதத்துக்கு மேல். நம் கரையில் பலர் கைநழுவிப் போவது அந்த இடைவெளியில்தான். "திருவிழா முடியட்டும்" என்று தள்ளிப்போடுகிறவர், யாரோ சொன்ன மருந்தைத் தேடி வேறு ஊருக்குப் போய்விடுகிறவர், பிள்ளைகளுக்குப் பாரமாக இருந்துவிடக் கூடாது என்று ராத்திரியில் தப்பான முடிவை யோசிக்கிறவர் என்று எல்லாரையும் அங்கே பார்க்கலாம். நெருக்கடி ஆலோசகர் அதிகம் தேவைப்படுவதும் அங்கேதான்.

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று நீளும் இந்தக் கரையில் புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சமூகப்பணி படித்த இளைஞர்கள், செவிலியர்கள், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்கள், மகளிர் குழுவிலிருந்து வரும் அக்காமார் என்று யாராக இருந்தாலும் சரி.

நம் வேலை எதுவரைக்கும்

நோயை விளக்குவது மருத்துவர் வேலை. மாதக்கணக்கில் கூட உட்கார்ந்து மனதைச் சீராக்குவது மனநல மருத்துவரும் உளவியலாளரும் செய்வது. ஒருவர் நிலைகுலைந்து நிற்கும் அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது, இன்று ராத்திரி அவர் பத்திரமாக இருக்க வழி செய்வது, நாளைக்குப் போக வேண்டிய இடத்துக்கு அவரைப் போகவைப்பது, இந்த மூன்றும்தான் நம்முடையது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் ஏறக்குறைய இதையே பார், கேள், இணை என்று மூன்று சொல்லில் வைக்கிறது. அழுகையை நிறுத்துவது நம் வேலைப் பட்டியலில் இல்லை. அழுதுகொண்டே ஒருவர் அடுத்த நாள் வண்டி ஏறினால் அதுவே போதும்.

போவதற்கு முன்

நான்கு எண்களைக் கைபேசியில் மட்டுமல்லாமல் ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 14416 டெலி மானஸ். 2022 அக்டோபர் 10 முதல் நடக்கும் மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். 108 ஆம்புலன்ஸ். 104 தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண். 1800 425 3993 முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். ஒவ்வொன்றையும் நீங்களே ஒரு தடவை அழைத்துப் பாருங்கள். எந்தப் பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள், எவ்வளவு நேரம் காக்கவைக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால்தான் அந்த வீட்டில் உட்கார்ந்து தடுமாறாமல் அழைக்க முடியும்.

சிகிச்சை எங்கே கிடைக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முதல் கட்டப் பரிசோதனைகளுக்கு இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கதிர்வீச்சுக்கு, நம் ஆட்கள் பேச்சில் சொன்னால் 'கரண்ட் வைக்க', பெரும்பாலும் மதுரை: அரசு இராசாசி மருத்துவமனையும் பாலரெங்காபுரத்தில் உள்ள அதன் புற்றுநோய்ப் பிரிவும். சிலர் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்குப் போவார்கள். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது அது. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். போகவர ஒரு நாள் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் எந்த யோசனையும் சொல்ல வேண்டும்.

நேரமும் பார்க்க வேண்டும். விடியற்காலை மீன் ஏலம் நடக்கும்போது போனால் யாரும் இருக்க மாட்டார்கள். பாசி எடுக்கும் பெண்கள் கடலுக்குள் இறங்கும் நாட்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும். அந்த நாட்களில் வரச் சொன்னால் ஒரு நாள் வருமானம் போகும். கேட்டுவிட்டுப் போங்கள். ஊரில் நம்பிக்கைக்குரிய ஒருவர் கூட வந்தால் போதும், கும்பலாகப் போகாதீர்கள். கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுத் தெருவில் நடந்தால் அந்த வீட்டின் ரகசியம் வாசலிலேயே போய்விடும். படம் எடுக்கவே கூடாது.

முதல் அரை மணி நேரம்

'மனநல ஆலோசகர்' என்று அறிமுகம் செய்துகொள்ளாதீர்கள். இந்தக் கரையில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப வழியின்றி 28 பேர் இறந்தார்கள். அதைப் பார்த்தவர்களும் கேட்டவர்களும் இன்னும் இங்கே இருக்கிறார்கள். மனநலம் என்று நீங்கள் சொன்னால், "எனக்கென்ன பைத்தியமா?" என்று கதவு சாத்தப்படும்.

எளிதாகச் சொல்லுங்கள்: "அக்கா, ஆஸ்பத்திரியில உங்களப் பத்திச் சொன்னாங்க. எப்படி இருக்கீங்கன்னு பாத்துட்டுப் போக வந்தேன். இப்பப் பேசலாமா, இல்ல சாயந்தரமா வரட்டுமா?" அந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். நோய் வந்த நாளிலிருந்து அவரைக் கேட்காமலேயே எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது. ரத்தம் எடுக்கிறார்கள், சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புகிறார்கள், எந்த ஆஸ்பத்திரி என்று அண்ணன் தம்பிகள் முடிவு செய்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமையை முதலில் அவருக்குக் கொடுக்கிறவர் நீங்களாக இருங்கள். யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதையும் அந்த வீட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். கீழக்கரையில் லாத்தா, காக்கா என்று கூப்பிட்டால் முகம் மலரும்; பாம்பனில் அக்கா, அண்ணே.

அவர் பாயில் இருந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள். பல வீடுகளில் நோயாளிக்குத் தனித்தட்டு, தனி டம்ளர் வைத்திருப்பார்கள். பேரப்பிள்ளைகளைக் கிட்டே விட மாட்டார்கள். அந்த வீட்டுத் தண்ணீரை நீங்கள் குடிக்கிறீர்களா என்பதை அவர் கவனித்துக்கொண்டிருப்பார். குடித்துவிட்டு, வீட்டார் காதில் விழும்படியே சொல்லுங்கள்: புற்றுநோய் தொற்றாது, ஒரே தட்டில் சாப்பிடலாம், பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து இயந்திரத்தில் கரண்ட் வைத்துவிட்டு வந்தவர் உடம்பிலிருந்து கதிர் எதுவும் மற்றவர்மேல் பாயாது.

பிறகு கேளுங்கள். "டாக்டர் என்ன சொன்னாரு?", "அதக் கேட்டதும் எப்படி இருந்துச்சு?", "இப்ப எத நெனச்சா ரொம்பப் பயமா இருக்கு?" இந்த மூன்று கேள்விக்கு மேல் முதல் நாளில் அதிகம் தேவைப்படாது. மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் நம்மைத் திகைக்க வைக்கும். சாவைச் சொல்வார் என்று எதிர்பார்ப்போம். அவர் மகளின் நிச்சயதார்த்தத்தைச் சொல்வார், முடி கொட்டுவதைச் சொல்வார், வியாழக்கிழமை வரப்போகும் குழுக்கடன் வசூல்காரரைச் சொல்வார். எதைச் சொல்கிறாரோ அதுதான் அன்றைய நெருக்கடி. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், நீங்கள் தயாரித்துக்கொண்டு போனதை விட்டுவிடுங்கள்.

"தைரியமா இருங்க" என்று சொல்லாதீர்கள். ஊரே அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கும். அதைக் கேட்டவர் உங்கள் முன்னாலும் தைரியசாலியாக நடிக்க வேண்டியிருக்கும். "ஒண்ணும் ஆகாது" என்பது உங்களுக்குத் தெரியாத ஒன்றை வாக்குக் கொடுப்பது. "எங்க சித்திக்கும் இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் பேச்சு உங்கள் சித்தியைப் பற்றியதாகிவிடும். பேசாமல் இருப்பது கஷ்டம்தான், பழகிக்கொள்ளுங்கள். அவர் நிறுத்தியதும் நாம் தொடங்கிவிடாமல் கொஞ்சம் பொறுத்தால், சொல்ல வந்த விஷயம் அதற்குப் பிறகுதான் வெளியே வரும்.

மூச்சு வாங்கி, கை நடுங்கி, நெஞ்சு படபடத்தால் பாதத்தைத் தரையில் நன்றாக ஊன்றச் சொல்லுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். நீங்களும் கூடவே செய்யுங்கள். சில நிமிடங்களில் அடங்காமல் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்று நீண்டால் அதை மனப்பதற்றம் என்று நீங்களாக முடிவு கட்டாமல் 108-ஐ அழையுங்கள்.

மன வேதனையை அளக்க உலகெங்கும் புற்றுநோய்ப் பிரிவுகளில் ஓர் எளிய அளவுகோல் உண்டு: 0 முதல் 10 வரை எத்தனை என்று கேட்பது. 4 அல்லது அதற்கு மேல் என்றால் கூடுதல் உதவி தேவை. "மனசு எவ்வளவு கனமா இருக்கு, பத்துக்கு எத்தன?" என்று கேட்டால் எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிகூடச் சொல்லிவிடுவார். அந்த எண்ணைத் தேதியோடு குறித்து வையுங்கள். அடுத்த தடவையும் கேட்டால், ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும்.

குற்ற உணர்ச்சி எல்லா வீட்டிலும் இருக்கும். "உப்புத் தண்ணியிலயே கெடந்ததால வந்துச்சா?", "என்ன பாவம் செஞ்சேனோ?" புகையிலை போட்டு வாய்ப்புற்று வந்த அண்ணனிடம் புகையிலையைப் பற்றி உபதேசம் வேண்டாம், அவருக்கே தெரியும். இப்போது விட்டாலும் சிகிச்சைக்கு நல்லது என்ற ஒரு வரி போதும். கருப்பை வாய்ப் புற்று வந்த பெண்களின் வீட்டில் இதைவிடக் கொடுமை நடக்கும். அது வைரஸ் கிருமியால் வருவது என்று யாரோ அரைகுறையாகச் சொல்லியிருப்பார்கள், உடனே அவள் நடத்தைமேல் சந்தேகம் விழும். ஹெச்.பி.வி. என்ற அந்த வைரஸ் மிகச் சாதாரணமாகப் பரவும் கிருமி, தாம்பத்திய வாழ்வு தொடங்கிய பெரும்பாலானோருக்கு எப்போதாவது தொற்றியிருக்கும், நோயாக மாறப் பல வருடங்கள் ஆகும். அது எவருடைய ஒழுக்கத்துக்கும் சாட்சி ஆகாது. இதைக் கணவனிடம் தனியாக, நேராக, வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஒரு பெண்ணின் உயிர் அந்தப் பேச்சில் இருக்கக்கூடும்.

"அவருக்குத் தெரிய வேணாம்"

வாசலிலேயே மகன் உங்களைத் தடுத்துச் சொல்வான்: "அப்பாகிட்ட கட்டின்னுதான் சொல்லிருக்கோம். நீங்க எதுவும் சொல்லிராதீங்க." அவனிடம் சண்டை போடாதீர்கள். அவன் அப்பாவைக் காப்பாற்றுவதாக நினைக்கிறான். "சொன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்க தம்பி?" என்று கேளுங்கள். நோயை எதிர்கொள்ள அவனுக்கே இருக்கும் பயமும் அதில் வெளியே வரும். பிறகு உங்கள் எல்லையைச் சொல்லுங்கள்: நானாக எதையும் உடைக்க மாட்டேன், ஆனால் அவர் என்னிடம் நேராகக் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்.

உள்ளே போய், "அண்ணே, உங்களுக்கு என்ன செய்யிதுன்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தெரிந்துதான் இருக்கும். மதுரையில் எந்தக் கட்டிடத்துக்குக் கூட்டிப்போனார்கள் என்பதைப் பார்த்தே புரிந்துகொண்டிருப்பார். மகன் மனசு ஒடிந்துவிடக் கூடாது என்று தெரியாததுபோல் இருப்பார். இப்படி இரண்டு பக்கமும் ஒருவருக்கொருவர் மறைத்து இரண்டு பேரும் தனியாக அழுகிற வீடுகள் நிறைய. அப்போது மகனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, "அப்பா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுங்கிறாரு" என்று சொல்லிவிட்டு நீங்கள் ஒதுங்கி இருங்கள். உண்மையிலேயே தெரியாதவர் என்றால், தெரிந்துகொள்ள அவர் விரும்புகிறாரா என்பதை மட்டும் கேட்டு, பதிலை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எந்த நிலை, எவ்வளவு நாள் என்பதெல்லாம் நம் வாயிலிருந்து வரக் கூடாது.

சின்னப் பிள்ளைகளுக்கு நோயின் பெயரைச் சொல்லலாம். அம்மாவுக்கு நோய் வந்ததற்கு அவர்கள் செய்த எதுவும் காரணம் இல்லை என்பதையும், அம்மா மதுரையில் இருக்கும் நாட்களில் யார் சோறு போடுவார்கள், யார் பள்ளிக்கூடத்தில் விடுவார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம்

நோய் தெரிந்த முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும் இந்த ஆபத்து கூடுதல் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. முகம், வாய், தொண்டைப் புற்று உள்ளவர்கள், வலி அடங்காதவர்கள், தனியாக இருப்பவர்கள், குடிப்பவர்கள், நோய் திரும்பி வந்தவர்கள் ஆகியோரிடம் கூடுதல் கவனம் வேண்டும்.

கேட்டால் எண்ணம் வந்துவிடுமோ என்று புதியவர்கள் தயங்குவார்கள். வராது. கேட்கும்போது அவருக்குப் பாரம் குறையும். சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "இவ்வளவு கஷ்டத்துல சில பேருக்குச் செத்துப் போயிரலாம்னு தோணும். உங்களுக்கு அப்படித் தோணுதாக்கா?" ஆமாம் என்றால் பதறாதீர்கள், திட்டாதீர்கள், பிள்ளைகள் முகத்தைக் காட்டிக் கெஞ்சாதீர்கள். அடுத்து, எப்படிச் செய்வது என்று யோசித்திருக்கிறாரா, எப்போது, அதற்கான பொருள் கையில் இருக்கிறதா, முன்னால் முயற்சி செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். "கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்கிட்டா நல்லது" என்பது வேறு. வழியும் நேரமும் முடிவு செய்து வைத்திருப்பது வேறு. இரண்டாவது என்றால் அந்த வீட்டை விட்டு நீங்கள் எழுந்து போகக் கூடாது.

அப்போது செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். அவரைத் தனியாக விடாதீர்கள். அவரிடம் சொல்லிவிட்டு, அவர் நம்பும் ஒருவரைக் கூப்பிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் ரகசியம் காக்க முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். பூச்சிமருந்து, எலிமருந்து போன்றவை வீட்டை விட்டு வெளியே போகட்டும். மாத்திரை அட்டைகளை வேறொருவர் வைத்துக்கொண்டு வேளைக்கு வேளை எடுத்துக் கொடுக்கட்டும், ஆனால் வலி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அங்கிருந்தே 14416-ஐ அழைத்து அவரையும் பேசவையுங்கள். ஆபத்து கண்முன் தெரிந்தால் 108. இராமநாதபுரம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். ராத்திரி முழுக்க யார் யார் மாறி மாறி விழித்திருப்பது என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். 'பாத்துக்கிறோம்' என்று எல்லாரும் சொல்லும் வீட்டில் விடியற்காலை மூன்று மணிக்கு யாரும் விழித்திருக்க மாட்டார்கள்.

கொஞ்சம் அடங்கியதும் அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள்: எண்ணம் வரப்போகிறது என்று எதை வைத்துத் தெரியும், அப்போது தானாக என்ன செய்து பார்க்கலாம், யார் வீட்டுத் திண்ணைக்குப் போய் உட்காரலாம், யாரை அழைக்கலாம், எந்த எண். அவருடைய சொற்களிலேயே இருக்கட்டும்.

முயற்சி செய்து பிழைத்தவரை, போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் மறைப்பவர்கள் இன்னும் உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அப்படிப்பட்டவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. இதைச் சொல்லி உடனே வண்டி ஏற்றுங்கள்.

மனக்கலக்கம்போல் தெரியும் உடல் ஆபத்து

புதியவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம்மை மனசுக்காகக் கூப்பிடுவார்கள். காரணம் உடம்பில் இருக்கும்.

நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் திடீரென்று பிதற்றுகிறார், பகல் ராத்திரி தெரியவில்லை, இல்லாத ஆட்களோடு பேசுகிறார் என்றால் வீட்டார் காத்துக் கருப்பு என்பார்கள், மந்திரிக்கக் கிளம்புவார்கள். காய்ச்சல், ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறுவது, உப்புச் சத்து குறைவது, மருந்தின் விளைவு, மூத்திரம் அடைப்பது, மூளையில் கட்டி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பலவற்றைச் சரிசெய்ய முடியும், ஆனால் அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும். கீமோ என்கிற புற்றுநோய் மருந்தை ஊசியில் ஏற்றிய பிறகு, முக்கியமாக 7 முதல் 14 நாளுக்குள், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அது அவசரம். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரம் அது, பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதுகுவலியோடு கால் மரத்துப்போவது, நடக்க முடியாமல் போவது, சிறுநீர் போகாமலோ தெரியாமலோ போவது என்றால் தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத் தாமதம்கூட நிரந்தரமாக நடக்க முடியாமல் ஆக்கிவிடும். நிற்காத ரத்தப்போக்கும் மூச்சுத்திணறலும் சொல்லவே வேண்டாம். சில ஸ்டீராய்டு மாத்திரைகள் தூக்கத்தைக் கெடுத்து எரிச்சலைக் கிளப்பும். அதை மருத்துவரிடம் சொன்னால் நேரத்தையோ அளவையோ மாற்றுவார், நாமாக நிறுத்தச் சொல்லக் கூடாது.

பணம், பாதை, காற்று

மனசைப் பேசிவிட்டுப் பணத்தைப் பேசாமல் வருகிற ஆலோசனை இந்தக் கரையில் அரை ஆலோசனைதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போனால் பதிவு செய்துவிடலாம். மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர் குடும்பங்களுக்கும் இந்தத் திட்டம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நகையை அடகு வைக்கும் முன், வட்டிக்கு வாங்கும் முன் இதைக் கேட்டுவிட வேண்டும்.

ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு, மருத்துவமனை தரும் சான்றிதழ் இருந்தால், படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை. துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். சாதாரண இரண்டாம் வகுப்பில் இருவருக்கும் 75 சதவீதம். 2022 கடைசியில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்ற பிறகு தீவுக்காரர்கள் மண்டபம் வந்துதான் ரயில் ஏறினார்கள்; 2025 ஏப்ரல் 6-இல் புதிய பாலம் திறந்ததால் ராமேஸ்வரத்திலேயே ஏறலாம். பலத்த காற்று அடித்தால் இப்போதும் பாலத்தில் ரயிலை நிறுத்துவார்கள். கரண்ட் வைப்பது வாரத்தில் ஐந்து நாள், பல வாரம் தொடர வேண்டிய சிகிச்சை. நடுவே விட்டால் பலன் குறையும். அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தீவிலிருந்து தினமும் போய்வருவதை நம்பாமல் மதுரையிலேயே தங்க இடம் பார்க்கச் சொல்வது நல்லது. மருத்துவமனை சமூகப் பணியாளரிடம் கேட்டால் வழி தெரியும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவர் வீட்டில் வருமானம் இருக்காது, ஆனால் துணைக்கு வர ஆம்பளை ஆள் இருப்பார். அறுவை சிகிச்சைக்குத் தேதி கேட்கும்போது இதையும் மருத்துவரிடம் சொல்லலாம். தடைக்காலத்துக்காக மாதக்கணக்கில் தள்ளிப்போட மட்டும் விடாதீர்கள்.

கடலுக்குப் போகும் ஆண்கள் எதிரே உட்கார்ந்து பேச மாட்டார்கள். வலை பின்னும் இடத்துக்குப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள், கை வேலை செய்யும்போது வாய் திறக்கும். குடி கூடியிருக்கிறதா என்று அங்கேயே கேட்டுவிடலாம். மனைவிக்கு நோய் தெரியும் நேரத்தில் கணவர் இலங்கைக் காவலில் இருக்கும் வீடுகளும் நமக்கு உண்டு. அங்கே நெருக்கடி இரண்டு. சங்கத் தலைவர் மூலமும் மீன்வளத்துறை அலுவலகம் மூலமும் செய்தி சொல்ல முடியும். ஆனால் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அந்த அக்காதான் முடிவு செய்ய வேண்டும். ஊர் முந்திக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தர்கா, கோயில், மாதா

நம்பிக்கையோடு மோத வேண்டாம். ஏர்வாடி தர்காவுக்கோ, ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கோ, அக்னி தீர்த்தத்துக்கோ போய்வந்தால் மனசு நிற்கிறது என்றால் போகட்டும். போய்விட்டு மதுரைக்கு எந்தத் தேதியில் வரப்போகிறார் என்பதை மட்டும் கேட்டு வாங்குங்கள். கீமோ நடக்கும்போது ராமேஸ்வரம் கோயிலின் 22 தீர்த்தத்திலும் குளித்து ஈரத்துணியோடு நிற்கலாமா, ரமலான் நோன்பு பிடிக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடச் சொல்லுங்கள். நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டு என்பதை நாம் சொல்வதைவிட ஜமாஅத்தின் ஆலிம், அதாவது மார்க்கம் படித்தவர், ஒருவர் வீட்டுக்கு வந்து சொன்னால் அந்த உம்மாவின் குற்ற உணர்ச்சி தீரும். பாதிரியாரும் பூசாரியும் அப்படித்தான், அவர்களை நம் வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாட்டு மருந்து எடுக்கிறவரிடம் கோபிக்காமல், என்ன மருந்து என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க"

இந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு வரும் குடும்பம், எல்லாரும் கைவிட்டார்கள் என்று நினைக்கும். நோயை விரட்டும் சிகிச்சை முடிந்திருக்கலாம், வலியைத் தணிக்கும் சிகிச்சை அப்போதுதான் முழுமூச்சாகத் தொடங்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து வலி தணிப்பு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் தருவது உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

மார்ஃபின் என்றாலே 'போதை', 'கடைசி மருந்து' என்று பயப்படுவார்கள். மருத்துவர் சொன்ன அளவில் வலிக்காக எடுக்கிறவர் அதற்கு அடிமையாவது அரிது. 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, மருத்துவத்துக்கான மார்ஃபின் எளிதாகக் கிடைக்க வழி செய்தார்கள். வலி வந்த பிறகு எடுப்பது இல்லை, மருத்துவர் சொன்ன மணிக்கணக்குப்படி எடுப்பது. மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் கூடவே கேட்டு வாங்க வேண்டும். வலி அடங்கிய முதல் ராத்திரி தூங்கி எழுந்தவர், சாக வேண்டும் என்ற பேச்சையே விட்டுவிடுவதைப் பார்ப்பீர்கள்.

உங்கள் எல்லை

உங்கள் சொந்த எண்ணை எல்லா நேரத்துக்கும் கொடுக்காதீர்கள். எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை எடுப்பீர்கள் என்று சொல்லி, மற்ற நேரத்துக்கு 14416 கொடுங்கள். பணம் கொடுக்காதீர்கள், கடன் வாங்கித் தராதீர்கள். வாரம் ஒரு முறையாவது அனுபவமுள்ள ஒருவரிடம், பெயர் சொல்லாமல், போன வீடுகளைப் பற்றிப் பேசிவிடுங்கள். டீக்கடையில் பேசாதீர்கள். உங்கள் வீட்டிலேயே அண்மையில் புற்றுநோயால் ஒரு சாவு நடந்திருந்தால் கொஞ்ச காலம் இந்த வேலைக்கு வராமல் இருப்பதே நல்லது.

இறப்புக்குப் பிறகு

சாவு வீட்டில் முதல் நாள் கூட்டம் இருக்கும், அங்கே நமக்கு வேலை குறைவு. போய்க் கும்பிட்டு, உட்கார்ந்து, வந்துவிடலாம். கருமாதியோ, ஏழாம் நாள் பூசையோ, பாத்திஹாவோ முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு போங்கள். வீடு அப்போதுதான் காலியாகும். இஸ்லாமிய வீட்டில் கணவரை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்னும் துக்கக் காலத்தில் இருப்பார். பெண் ஆலோசகர்தான் போக வேண்டும். மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் யாரோ அவரிடம் கூடுதல் நேரம் உட்காருங்கள், அவர் மருமகளாகவோ கடைசி மகளாகவோ இருப்பார். "இன்னும் முன்னாடியே கூட்டிட்டுப் போயிருக்கலாமோ?" என்று கேட்பார். தர்க்கம் பேசாதீர்கள், என்னென்ன செய்தார் என்று அவரையே சொல்லவையுங்கள். அவரிடமும் சாவு எண்ணத்தைப் பற்றி நேராகக் கேளுங்கள்.

சில காகித வேலைகளையும் அந்தச் சந்திப்பிலேயே நினைவுபடுத்த வேண்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். இறந்தவர் மீனவர் நல வாரியத்தில் உறுப்பினராக இருந்தால் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். மிச்சமிருக்கும் மார்ஃபின் மாத்திரைகளை எண்ணி, வாங்கிய மருத்துவமனையிலேயே ஒப்படைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். வீட்டில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.